6922ஆவது சிகரெட்

அன்புள்ள ஐயா,

ஹாருகி முரகாமியின் முதல் நாவல் 'காற்றின் பாடலைக் கேள்' ஆங்கிலத்தில் படித்தேன். நாற்பது துண்டு அத்தியாயங்கள். பியர் குடிக்கிறார்கள், பேசுகிறார்கள், கோடை முடிந்துவிடுகிறது. எழுதிப் பழகிய நோட்டு மாதிரி இருக்கிறது. இதில் உத்தி என்று ஏதாவது உண்டா?

க., ஈரோடு

அன்புள்ள க.,

எழுதிப் பழகிய நோட்டுதான், அதில் தகராறு இல்லை. டோக்கியோவில் ஜாஸ் பார் நடத்திக்கொண்டிருந்தவர், வேலை முடிந்து இரவில் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதியது, 1979இல் வெளிவந்தது. முதலில் எழுதியது பிடிக்காமல், தொடக்கத்தை ஆங்கிலத்தில் எழுதி அதை மறுபடி ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் எழுத அவ்வளவாக வராது என்பதால் வாக்கியங்கள் தாமாகவே குட்டையாகிவிட்டன.

ஆனால் ஒன்றுமே நடக்கவில்லை என்கிறீர்களே, நடக்க வேண்டியது கதை தொடங்கும் முன்பே நடந்துவிட்டது. கதைக்காலம் 1970 ஆகஸ்டில் பதினெட்டு நாள். சில மாதங்களுக்கு முன் கதைசொல்லியின் தோழி தூக்கு மாட்டிக்கொண்டாள். அவனுக்கோ எதையும் எண்ணிக்கையாக மாற்றும் வியாதி. 1969 ஆகஸ்ட் 15 முதல் அடுத்த ஏப்ரல் 3 வரை 358 வகுப்புகள், 54 முறை உடலுறவு, 6921 சிகரெட்டுகள் என்று கணக்குப்பிள்ளை போல ஒப்பிக்கிறான். அப்புறம் சொல்கிறான்: அவள் இறந்த செய்தி வந்தபோது புகைத்துக்கொண்டிருந்தது 6922ஆவது. அத்தியாயம் முடிந்தது. அழுதான் என்று ஒரு சொல் கிடையாது.

துண்டு அத்தியாயங்களுக்கும் இதுதான் வேலை. பேச்சு வலிக்கிற இடத்தை நெருங்கியதும் வெட்டிவிட்டு ரேடியோ அறிவிப்பாளரை உள்ளே விடலாம். டெரெக் ஹார்ட்ஃபீல்ட் என்ற அமெரிக்க எழுத்தாளரைப் பற்றி அளக்கலாம். (அப்படி ஒருவர் இல்லவே இல்லை. முதல் வாசிப்பில் நானும் தேடி ஏமாந்தேன்.)

ஆங்கிலத்தில் ஒன்று நழுவியிருக்கும். அவன் தன்னை 'போகு' என்கிறான். பையன்கள் சகஜமாகச் சொல்லும் 'நான்'. கொஞ்சம் விறைப்பான 'வதாஷி' அல்ல. தமிழிலும் இரண்டுக்கும் ஒரே 'நான்'தான், என்ன செய்ய?

அடுத்து அவருடைய இரண்டாவது நாவல் 'பின்பால், 1973' எடுங்கள். 'நான்' ஒரு பக்கம், எலி என்கிற நண்பன் படர்க்கையில் இன்னொரு பக்கம், மாறி மாறி வரும். எலியின் பகுதிகள் இழுவைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். கோழி வைத்திருந்த பழைய குளிர்பதனக் கிடங்கில் பின்பால் இயந்திரங்கள் (காசு போட்டு, உலோகக் குண்டை உருட்டி ஆடும் விளையாட்டுப் பெட்டிகள்) வரிசையாக நிற்கும் இடம் வரும். மொத்தம் 78. அங்கேயும் அவன் எண்ணிப் பார்க்கிறான், ஒன்றுக்குப் பலமுறை.