திருமணம் ஆகாத பெற்றோர் பிரிந்தால் கைக்குழந்தை யாரிடம் இருக்கும்?

உங்களுக்கு 21 வயது, அவருக்கு 23, கல்யாணம் ஆகவில்லை, குழந்தைக்குப் பத்து மாதம், பிள்ளையைக் கொடு என்று அவர் வீட்டார் மிரட்டுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள் தங்கச்சி. நீங்கள் இரண்டு பேரும் இந்துக்கள் என்பதால் 1956-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம் பொருந்தும். அதன் 6-வது பிரிவுப்படி, கல்யாணம் ஆகாதவர்களுக்குப் பிறந்த குழந்தைக்குத் தாய்தான் காப்பாளர். தாய்க்குப் பிறகுதான் தகப்பன்.

என் தங்கையும் இதே நிலையில் நின்றாள். பெரியவர்களை வைத்துப் பேசலாம் என்று கூப்பிட்டார்கள். போனால், ‘குழந்தை தகப்பன் வீட்டில் வளரச் சம்மதிக்கிறேன்’ என்று முத்திரைத்தாளில் முன்பே டைப் அடித்து வைத்திருந்தார்கள். மடியில் பிள்ளை பால் குடித்துக்கொண்டிருக்க, அவள் கையில் பேனாவைத் திணித்தார்கள். நான் அவளை எழுப்பிக் கூட்டிவந்துவிட்டேன். அப்படி எழுதி வாங்கும் தாளுக்கு நீதிமன்றம் கட்டுப்படாது, குழந்தையின் நலனைத்தான் பார்க்கும். ஆனால் பிள்ளை ஒருமுறை கைமாறிவிட்டால் திரும்ப வாங்க எவ்வளவு அலைய வேண்டும்! எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

பிறப்புச் சான்றிதழுக்கு அப்பா பெயர் கட்டாயம் என்று யாராவது சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். தாயின் பிரமாணப் பத்திரம் போதும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, அவர் நல்ல மனிதர் என்றால் பிள்ளையைப் பார்க்கவே விடாமல் செய்யாதீர்கள். பார்க்க அனுமதி கேட்டு அவரும் குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போகலாம். எங்கள் வீட்டில் ஞாயிறு மாலை 4 முதல் 6 வரை என்று பேசிக்கொண்டோம். முதல் வாரம் பிள்ளை அவர் முகத்தைப் பார்த்ததும் வீறிட்டு அழுதது. ஒரு மாதம் கழித்து, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே தவழ்ந்து போகும்.

ஜீவனாம்சம் வேறு விஷயம். பார்க்க வந்தாலும் வராவிட்டாலும் குழந்தையின் செலவுக்கு அவர் பணம் தர வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு என்பார்கள், அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் அது 144-வது பிரிவு. குழந்தை தன்னுடையது இல்லை என்று அவர் மறுத்தால், தேவைப்பட்டால் நீதிமன்றம் டிஎன்ஏ பரிசோதனைக்கு உத்தரவிடலாம்.

வக்கீல் வைக்கக் காசில்லையே என்று கலங்க வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும், 15100-க்கும் அழைக்கலாம். போகும்போது தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள். என் தங்கை ஒவ்வொரு ஊசிக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன தேதிகள் அதில் வரிசையாக இருந்தன. வக்கீலம்மா முதலில் கேட்டு வாங்கியது அதைத்தான்.