எஸ்சிஆரை மாற்றியும் மின் அடுப்பு பாதிச் சூட்டிலேயே நிற்கிறது, கேட் பல்ஸை எப்படிச் சோதிப்பது?

கேள்வியில் இருப்பது இதுதான்: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை, கம்பியைச் சூடேற்றிப் பதமாக்கும் 6 கிலோவாட் சிங்கிள் ஃபேஸ் அடுப்பு, எதிரெதிராகக் கட்டிய இரண்டு எஸ்சிஆர் (கேட் முனைக்குப் பல்ஸ் வந்தால் ஒரு திசையில் மட்டும் கரண்ட் விடும் சுவிட்ச்) உள்ள மாட்யூல், கேட்டுக்குப் பல்ஸ் அனுப்பும் டிசிஏ785 ஐசி போட்ட போர்டு. அடுப்பு பாதிச் சூட்டைத் தாண்டவில்லை, மாட்யூலை மாற்றியும் அதே நிலைமை.

தயவுசெய்து இன்னொரு மாட்யூல் வாங்காதீர்கள். சேலம் வட்டாரத்தில் பேனல் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த மாதிரி வரும் அடுப்புகளில் எஸ்சிஆர் நன்றாகவே இருக்கும், கேட்டுக்குப் போக வேண்டியது போய்ச் சேர்ந்திருக்காது.

முதலில் ஒரு அரை அலைதான் காணாமல் போயிருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு ஸ்கோப் (அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்) வேண்டாம். சூடு கூட்டும் நாபை முழுசாக ஏற்றிவிட்டு, மல்டிமீட்டரை டிசி ரேஞ்சில் வைத்து அடுப்பின் ஹீட்டர் காயிலின் இரண்டு முனையிலும் பிடியுங்கள், சிவப்பு வயர் எஸ்சிஆர் பக்கம், கறுப்பு நியூட்ரல் பக்கம். இரண்டு எஸ்சிஆரும் ஓடினால் மேலலையும் கீழலையும் கழிந்து பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும். ஒன்றுதான் ஓடுகிறது என்றால் 230 வோல்ட் சப்ளையில் கிட்டத்தட்ட 103 வோல்ட் டிசி காட்டும். அது பிளஸ்ஸாக வந்தால் ஆனோடு (கரண்ட் நுழையும் முனை) சப்ளை பக்கம் இருக்கிற எஸ்சிஆர் ஓடுகிறது, மற்றது படுத்திருக்கிறது. மைனஸாக வந்தால் தலைகீழ். ஏசி ரேஞ்சை இதற்கு நம்ப வேண்டாம், அரை அலைக்கு ஒவ்வொரு மீட்டரும் ஒவ்வொன்று சொல்லும். டிசி பூஜ்யம்தான், ஆனாலும் சூடு பாதிதான் என்றால் காயிலையே பாருங்கள், இரண்டு காயில் பேரலலாக இருந்து ஒன்று அறுந்திருக்கலாம்.

எந்தப் பக்கம் என்று தெரிந்த பிறகு போர்டுக்கு வாருங்கள். டிசிஏ785-இல் 14, 15 ஆகிய இரண்டு பின்னும் ஆளுக்கொரு அரை அலைக்குப் பல்ஸ் தருபவை. இங்கே பலர் செய்வது, இரண்டு கேட் வயரையும் மாற்றி மாட்டிப் பார்ப்பது. இந்த போர்டில் அது உதவாது, ஏனென்றால் ஆனோடு மைனஸில் இருக்கிற நேரத்தில் பல்ஸ் போகும், ஓடிக்கொண்டிருந்த எஸ்சிஆரும் நின்றுவிடும், நீங்கள் இன்னும் குழம்புவீர்கள். இரண்டு கேட்டுக்கும் ஒரே பல்ஸ் போகிற போர்டில் மட்டும்தான் அந்தச் சோதனைக்கு அர்த்தம் உண்டு.

அதற்குப் பதிலாக பவர் எம்சிபியை ஆஃப் செய்து, காயில் பக்கம் சப்ளை இல்லை என்று மீட்டரில் உறுதி செய்துகொண்டு, கண்ட்ரோல் சப்ளையை மட்டும் விடுங்கள். படுத்திருக்கிற எஸ்சிஆரின் கேட், கேத்தோடு (கரண்ட் வெளியேறும் முனை) வயரைக் கழற்றி, அந்த வயர் முனையில் ஒரு சிவப்பு எல்இடியை 470 ஓம் ரெசிஸ்டரோடு சேர்த்துப் பிடியுங்கள். பல்ஸ் வந்தால் மங்கலாக எரியும், வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். கழற்றாமல் பிடித்தால் கேட்டே வோல்டேஜை அமுக்கிவிடும், எல்இடி எரியாது. மறுபக்க எல்இடி எரிந்து இது எரியாவிட்டால் டிரைவர் டிரான்சிஸ்டர், பல்ஸ் டிரான்ஸ்ஃபார்மர், அதன் செகண்டரி டயோடு என்று வரிசையாகப் பாருங்கள். ஸ்கோப் இருக்கிறவர்கள் அதன் எர்த் கிளிப்பை நேராகக் கேத்தோடில் மாட்டிவிடாதீர்கள், பவர் இருக்கும்போது அது ஃபேஸ், கையில் வெடிக்கும். ஸ்கோப்பின் எர்த் பின்னைப் பிடுங்குவதும் தீர்வு இல்லை, அப்போது ஸ்கோப்பின் உடம்பே ஃபேஸ் ஆகிவிடும். டிஃபரென்ஷியல் புரோப் வேண்டும்.

பல்ஸ் வருகிறது, ஆனாலும் எஸ்சிஆர் எடுக்கவில்லை என்றால்? இங்கேதான் நிறையப் பேர் மாட்யூல் வாங்கப் போகிறார்கள். பல்ஸ் வந்தால் மட்டும் போதாது, பலமும் அகலமும் வேண்டும். பெரிய மாட்யூலுக்கு கேட் கரண்ட் 150 மில்லிஆம்பியர் வரை கேட்கும், குளிரில் இன்னும் கூடுதலாகக் கேட்கும். ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்து டிரையர் பேனல் காலையில் எடுக்காது, வெயில் ஏறினால் தானாகச் சரியாகிவிடும். டிரைவர் சப்ளையின் கெப்பாசிட்டர் காய்ந்துபோய், மீட்டரில் 15 வோல்ட் காட்டினாலும் பல்ஸ் போகும் நேரத்தில் விழுந்துகொண்டிருந்தது. உங்கள் பட்டறையில் ஆசிட் ஆவி வேறு இருக்கும், கேட்டில் சொருகும் சின்ன டெர்மினலைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். கேட்டும் அதன் சொந்தக் கேத்தோடு வயரும் ஒன்றோடொன்று முறுக்கி, பவர் கேபிளை விட்டு விலகிப் போக வேண்டும்.

அகலத்துக்கு வருகிறேன். 12-ஆம் பின்னில் கெப்பாசிட்டர் இல்லாவிட்டால் டிசிஏ785 தரும் பல்ஸ் சுமார் 30 மைக்ரோசெகண்ட்தான். உங்கள் லோடு 26 ஆம்பியர், உச்சத்தில் 37. பல்ஸ் முடிந்த பிறகும் மாட்யூல் அணையாமல் பிடித்து நிற்க 600 மில்லிஆம்பியர் தேவை என்று வையுங்கள், அலை பூஜ்யத்தைத் தாண்டி அந்த அளவுக்கு ஏறவே 50 மைக்ரோசெகண்ட் ஆகும். ஆக, நாபை முழுசாக ஏற்றும்போது பல்ஸ் பூஜ்யத்துக்கு ஒட்டி வந்தால் கரண்ட் ஏறும் முன்பே முடிந்துவிடும், ஒரு அரை அலை விழுந்துவிடும், கொஞ்சம் இறக்கினால் சூடு கூடும். அப்படி நடந்தால் போர்டின் பிரீசெட்டை (திருகி அளவு மாற்றும் சின்ன ரெசிஸ்டர்) திருகிப் பூஜ்யத்துக்குச் சற்றுத் தள்ளி நிறுத்துங்கள். 12-இல் 150 பைக்கோஃபாரட் போட்டால் பல்ஸ் 90 மைக்ரோசெகண்ட் அளவுக்கு நீளும், ஆனால் உங்கள் பல்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தாங்குமா என்று வோல்ட்-மைக்ரோசெகண்ட் ரேட்டிங்கைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

கழற்றிய பழைய மாட்யூலைத் தூக்கிப் போடாதீர்கள். கேட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவில் மீட்டர் 10, 20 ஓம் காட்டினால் ஷார்ட் என்று பயப்பட வேண்டாம், பெரிய எஸ்சிஆர் அப்படித்தான் காட்டும். 40 வாட் குண்டு பல்பை லோடாக வைத்துச் சோதித்து "செத்துப் போச்சு" என்று முடிவு கட்டவும் வேண்டாம், அந்த பல்பு இழுக்கும் கரண்டில் பெரிய மாட்யூல் பிடித்தே நிற்காது. ஒரு கிலோவாட்டாவது லோடு கொடுத்துப் பாருங்கள்.

அப்புறம், வோல்டேஜ் குறைகிற நேரத்தில் கண்ட்ரோல் சப்ளையை நல்ல ஃபேஸுக்கு மாற்றிக்கொள்ள பேனலில் செலக்டர் சுவிட்ச் இருக்கிறதா? இருந்தால் மேலே சொன்னதற்கெல்லாம் முன்னால் அதைப் பாருங்கள். போர்டின் சிங்க் (அலை எப்போது பூஜ்யத்தைத் தாண்டுகிறது என்று போர்டுக்குச் சொல்லும் சிக்னல்) ஒரு ஃபேஸிலிருந்தும் லோடு இன்னொரு ஃபேஸிலிருந்தும் வந்தால் பல்ஸ் 120 டிகிரி தள்ளிப் போகும், நாப் ஒரு இடத்தில் ஒன்றும் செய்யாது, இன்னொரு இடத்தில் திடீரென்று எகிறும். டிசி ரீடிங் என்ன வந்தது, பிளஸ்ஸா மைனஸா என்று கமெண்டில் போடுங்கள், அடுத்து எந்தப் பக்கம் பார்ப்பது என்று சொல்கிறேன்.