தோற்றால் என்ன ஆகிறது? புதிர் விளையாட்டுகள் பற்றிப் பெற்றோரின் கேள்விகள்

தருமபுரியில் கணினிப் பயிற்சி மையம் நடத்துகிறேன். முழு ஆண்டு விடுமுறை தொடங்கினால் மாம்பழத்தோடு சேர்ந்து கணினிப் புதிர் விளையாட்டுகள் பற்றிய இந்தக் கேள்விகளும் வந்துவிடும்.

கேள்வி (பாலக்கோடு): சார், என் மகனுக்கு எட்டு வயது. ‘லிட்டில் நைட்மேர்ஸ்’ கேட்கிறான். மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட குட்டிப் பெண், புதிர் விளையாட்டு. கொடுக்கலாம்தானே?

பதில்: வேண்டாம் அம்மா. புதிர் இருப்பது உண்மைதான். ஆனால் அந்தக் குட்டிப் பெண்ணை ராட்சத சமையற்காரர்கள் துரத்திப் பிடிக்கிறார்கள். பிற்பகுதியில் பசி தாங்காமல் அவளே செய்யும் ஒரு காரியத்தை எட்டு வயதுப் பிள்ளைக்கு என்னால் விளக்க முடியாது. ஐரோப்பாவின் பெகி அமைப்பு இதற்கு 16 வயது என்று குறித்திருக்கிறது.

நான் முதலில் பார்ப்பது, தோற்றால் என்ன ஆகிறது என்பதைத்தான். இவ்வகை விளையாட்டில் தோற்றுத் தோற்றுத்தான் விடை கண்டுபிடிக்க வேண்டும். 2010இல் வந்த ‘லிம்போ’வில் சகோதரியைத் தேடிப் போகும் சிறுவன் பொறியில் சிக்கி, சிலந்தியிடம் மாட்டிச் சாகிறான். படத்தில் என்றால் அந்தச் சாவை ஒருமுறை பார்ப்போம். இங்கே ஒரே இடத்தில் இருபது முறை பார்க்கிறான் பிள்ளை. அதுவும் தன் கையால் நடத்தியதாக.

கேள்வி (ஓசூர்): ஒரே விளையாட்டுக்கு ஓரிடத்தில் 16, இன்னோரிடத்தில் ‘டி’ என்று இருக்கிறதே?

பதில்: ‘டி’ என்பது பெகி போலவே அமெரிக்காவில் உள்ள ஈ.எஸ்.ஆர்.பி. அமைப்பு தரும் வயதுக் குறி, 13 வயதுக்கு மேல் என்று பொருள். இரண்டும் வேறுபட்டால் நான் பெரிய எண்ணையே எடுத்துக்கொள்வேன். இன்னொன்று: அந்த எண் உள்ளடக்கத்துக்கு உரியது, கடினத்துக்கு அல்ல. 3 என்று போட்டிருப்பதால் மூன்று வயதுக் குழந்தை புதிரை விடுவித்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

கேள்வி (பென்னாகரம்): மகள் தமிழ்வழியில் ஆறாம் வகுப்பு. ஆங்கிலம் தடுமாற்றம். அவளுக்கு ஏதாவது உண்டா? மாட்டிக்கொண்டால் உடனே யூடியூபில் விடை பார்த்துவிடுகிறாள்.

பதில்: ‘மெஷினேரியம்’ கொடுத்துப் பாருங்கள். 2009இல் செக் நாட்டு நிறுவனமான அமனிதா டிசைன் செய்தது. ஒரு சின்ன ரோபோவின் கதை. பேச்சே கிடையாது, மனத்தில் நினைப்பது படக்குமிழாகத் தோன்றும். விடைப்புத்தகமும் உள்ளேயே இருக்கிறது, ஆனால் பூட்டியிருக்கும். ஒரு சிறு விளையாட்டில் வென்றால்தான் திறக்கும். அந்தச் சலிப்புக்கே பிள்ளைகள் சொந்தமாக யோசிக்கத் தொடங்குகிறார்கள். என் மையத்தில் பார்த்திருக்கிறேன். சில புதிர்கள் எனக்கே தலைவலி தந்தன, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி (காவேரிப்பட்டணம்): விளையாடிய பிறகு பையன் இரவில் தனியாகக் கொல்லைப்புறம் போகப் பயப்படுகிறான்.

பதில்: நிறுத்திவிடுங்கள். கேலி செய்யாதீர்கள், செய்தால் அடுத்த முறை சொல்லாமல் பயப்படுவான்.

கேள்வி (அரூர்): பேரன் விளையாடுவது எனக்கு ஒன்றும் புரியவில்லை, தம்பி. நல்லதா கெட்டதா என்று நான் எப்படிப் பார்ப்பது?

பதில்: பக்கத்தில் உட்காருங்கள் ஐயா. “எங்கே, வேண்டுமென்றே ஒரு தடவை தோற்றுக் காட்டு” என்று கேளுங்கள். உற்சாகமாகக் காட்டுவான். அப்போது திரையை அரைப்பார்வை பார்த்தால் போதும், அவன் முகத்தைப் பாருங்கள்.