கொலுசுப் பட்டறைப் பேட்டிகளும் ஏஐயும்

அன்புள்ள அக்கா,

சேலத்தில் சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் வெள்ளிக் கொலுசு செய்யும் பெண்களிடம் பேட்டி எடுத்திருக்கிறேன். ஒலிப்பதிவை எழுத்தாக்குவது, பேசியதைக் கருப்பொருள் வாரியாகப் பிரிப்பது எல்லாவற்றையும் ஏஐயிடம் கொடுத்தால் ஒரே வாரத்தில் முடியும் என்கிறார்கள் உடன் படிப்பவர்கள். துறையில் ஒருவர் அதை வரம் என்கிறார், இன்னொருவர் ஆய்வே செத்தது என்கிறார். நான் என்ன செய்வது?

ஓர் ஆய்வு மாணவி, சேலம்

அன்புள்ள தங்கைக்கு,

எழுத்தாக்க ஏஐயை வைத்துக்கொள்ளுங்கள். கருப்பொருள் பிரிப்பதை அதனிடம் கொடுத்துவிடாதீர்கள்.

இந்தப் பிளவு பல நாடுகளில் இருக்கிறது. எண்ணிக்கையை விட்டு, மனிதர்கள் சொல்வதன் பொருளைத் தேடும் பண்புசார் ஆய்வுக்கு ஏஐ வேண்டாம் என்று 2025இல் நானூறுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் ஒரு திறந்த மடலில் கையெழுத்திட்டார்கள். இன்னொரு பக்கம், மனிதர்களுக்குப் பதில் ஏஐயிடமே கருத்துக்கணிப்பு நடத்திப் பார்த்தவர்களும் உண்டு. சராசரி ஓரளவு ஒத்துப்போனாலும், ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசம் அதில் சுருங்கிவிடுகிறது. நீங்கள் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கியதே அந்த வித்தியாசத்துக்காகத்தானே?

எழுத்தாக்கத்திலும் கவனம் வேண்டும். பேச்சை எழுத்தாக்கும் ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் 'விஸ்பர்' மென்பொருளைச் சோதித்த 2024ஆம் ஆண்டு ஆய்வில், சுமார் 1 சதவீதப் பதிவுகளில் யாருமே பேசாத வாக்கியங்கள் முளைத்திருந்தன. பேச்சில் இடைவெளி நீளும் பதிவுகளில் அது அதிகம். இது ஆங்கிலத்தில். பட்டறை இரைச்சலுக்கு நடுவே பேசும் சேலத்துத் தமிழ் என்றால் கேட்கவே வேண்டாம்.

உங்கள் பேட்டியில் இடைவெளி எங்கே விழும்? "முன்பணம் எவ்வளவு பாக்கி?" என்று கேட்கிற இடத்தில்தான். கொஞ்ச நேரம் பற்றவைக்கிற சத்தம் மட்டும் கேட்கும். அந்த அம்மா பட்டறைக்காரர் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "அது கெடக்குதுங்க" என்பார். அந்தப் பார்வை ஒலிப்பதிவில் கிடையாது, எதிரே உட்கார்ந்திருந்த உங்களிடம்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு 'கடன்' என்று ஒரு தலைப்பின் கீழ் அந்த வரியைப் போட்டால், நீங்கள் கண்டுபிடித்ததில் பாதி போய்விடும். அதனால் எழுத்தாக்கிய பிறகு, வரி வரியாக, ஒலியோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். கருப்பொருள் அந்தத் திருத்தத்தின்போதே பிடிபடத் தொடங்கும்.

அப்புறம், அந்தப் பெண்கள் உங்களை நம்பித்தான் வாய் திறந்தார்கள். பெயரை நீக்கினாலும் குரல் அப்படியே இருக்கிறது. பட்டறை வட்டாரத்தில் குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். முகம் தெரியாத ஒரு நிறுவனத்தின் சர்வரில் அதை ஏற்ற அவர்கள் சம்மதித்தார்களா? விஸ்பரை இணையம் இல்லாமல் சொந்தக் கணினியிலேயே ஓட்டலாம், அப்படியே செய்யுங்கள். எது ஏஐ செய்தது, எது நீங்கள் செய்தது என்பதை முறையியல் இயலில் திறந்து எழுதுங்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் அவரவர் பகுதியை அவரவரிடம் வாசித்துக் காட்டுங்கள். பட்டறையில் வேண்டாம், வீட்டுக்குப் போய்.