எக்கோ சவுண்டரில் ஏறி இறங்கும் 'கடல்தரை': வாசகர் கேள்விகள்

ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழமுள்ள கடலில், ஒலியை அனுப்பி அதன் எதிரொலியை வைத்து ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் 400 மீட்டரிலேயே தரை இருப்பதுபோல் காட்டுமா?

காட்டும். 1942-இல் கலிபோர்னியாவுக்கு அப்பால், நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்க ஒலிச் சோதனை நடத்திய அமெரிக்க ஆய்வாளர்களைக் குழப்பியதும் இதுதான். 1945-இல் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தின் மார்ட்டின் ஜான்சன், தரைபோல் தெரிந்த அந்த அடுக்கு இருட்டும்போது மேலே ஏறி, விடியும்போது கீழே இறங்குவதைக் கவனித்தார். ஏறி இறங்கும் தரை ஏது? உயிரினங்கள்தான்.

திரையில் அந்த அடுக்கின் பட்டை அழுத்தமாகத் தெரிந்தால் மீன் அதிகம் என்று கொள்ளலாமா?

அவசரப்படாதீர்கள். நிறம் காட்டுவது எதிரொலியின் பலத்தை, எண்ணிக்கையை அல்ல. மீன் சதையின் அடர்த்தி ஏறக்குறைய கடல்நீருடையதுதான். ஒலியைப் பலமாகத் திருப்பி அனுப்புவது உடலுக்குள் இருக்கும் காற்று. விரல் நீள விளக்குமீனின் காற்றுப்பையும், ஜெல்லிமீனின் உறவான சைஃபனோஃபோரின் சிறு மிதவைப்பையும் ஏறக்குறைய ஒரே மாதிரி எதிரொலிக்கும். ஊசிக் கணவாய்க்குக் காற்றுப்பை கிடையாது. கூட்டமாக இருந்தாலும் மங்கலாகத்தான் தெரியும். போதாக்குறைக்கு, சில விளக்குமீன் இனங்களில் வளர்ந்தபின் பையில் காற்றுக்குப் பதில் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது.

எதற்கு ஒரே கப்பலில் பல அலைவரிசைகள்?

38 கிலோஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் 4 செ.மீ.; ஏறக்குறைய 1000 மீட்டர்வரை பார்க்கலாம். 200 கிலோஹெர்ட்ஸில் 1 செ.மீ.க்கும் குறைவு, பொடி உயிர்களும் தெரியும், ஆனால் சில நூறு மீட்டருக்குள் நீரே ஒலியை விழுங்கிவிடும். கூனி இறால் போன்ற கிரில், 38-ஐவிட 120 கிலோஹெர்ட்ஸில் பலமாக எதிரொலிக்கும். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் அண்டார்டிக் கடலில் கிரிலைப் பிரித்தறிகிறார்கள்.

வலை போட்டுப் பார்த்தால் போதாதா?

வலையும் வேண்டும். ஆனால் விளக்குமீன் வலையைக் கண்டால் நழுவிவிடும். சைஃபனோஃபோர் வலையில் சிதைந்துபோகும். நடுக்கடல் ஆழத்து மீன்களின் மொத்த எடை சுமார் 100 கோடி டன் என்றுதான் முன்பு சொன்னார்கள். ஸ்பெயின் நடத்திய மலஸ்பினா கடலாய்வுப் பயணத்தின் எக்கோ பதிவுகளை வைத்து 2014-இல் வந்த கணக்கு அதை 1000 கோடி டன் அளவுக்கு உயர்த்தியது. எதிரொலியில் மீனின் பங்கு எவ்வளவு என்ற ஊகத்தை மாற்றினால் இந்த எண்ணும் மாறும். அதனால் இதை நம்பி மீன்பிடித் திட்டம் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சூரிய கிரகணத்தின்போது?

அடுக்கு மேலே ஏறுவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். நிலா வெளிச்சத்தில் சற்று ஆழத்திலேயே தங்கும்.

எங்கள் விசைப்படகுக் கருவியில் தெரியுமா?

கரையோர ஆழத்தில் தெரியாது. ஆழ்கடலுக்குப் போகிறவர் என்றால், 50 கிலோஹெர்ட்ஸில் வைத்துப் பொழுது சாயும் நேரத்தில் திரையைப் பாருங்கள். பட்டை சாய்வாக ஏறும்.