ஆதாரத்தில் "நிலம்" என்று இருந்தால் வாங்காதீங்க தம்பி

உடுமலையில இருந்து கேரளாவுல பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டுக்கு வேலைக்கு வந்திருக்கேன், ஆறு சென்ட் வாங்கி இஷ்டப்படி வீடு கட்டறதா, கட்டின வீட்டையே வாங்கறதா, பிள்ளைகளை எங்க சேர்க்கறதுன்னு கேட்டிருக்கீங்க. பள்ளிக்கூடத்தைப் பத்தி வேற யாராவது சொல்லுவாங்க. இடத்தைப் பத்தி நான் சொல்லியே ஆகணும். அதுல பதினாலு வருசம் பட்டவன் நான்.

பாலக்காட்டுக்கு வந்த ரெண்டாவது வருசம், 2007-ல, ஏழு சென்ட் வாங்கினேன். மேட்டு இடம், நாலு தென்னை காய்ச்சு நின்னுச்சு. நம்மூர்ப் பத்திரத்துக்கு இங்க ஆதாரம்னு பேரு. அதுல "நிலம்"னு எழுதியிருக்குன்னு படிச்சுச் சொன்னாங்க, சரிதானேன்னு கையெழுத்துப் போட்டேன். நமக்கு எல்லா மண்ணும் நிலம். இங்க வருவாய்ப் பதிவேட்டுல நிலம்னா நெல்வயல்; வீடு கட்டற இடத்துக்கு "புரயிடம்"னு பேரு. அடுத்த வருசமே, 2008-ல, நெல்வயலையும் தண்ணீர்த்தடத்தையும் காக்கற சட்டம் வந்துச்சு. பெர்மிட்டுக்குப் போனா, வயல்ல வீடு கட்ட முடியாதுன்னு பிளானைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. நான் தென்னையைக் காட்டினேன்; அவங்க ரெக்கார்டைக் காட்டினாங்க.

சட்டத்தை நான் குறை சொல்லமாட்டேன். வயலை மூடினா கிணறு வத்தும். என் ஆத்திரமெல்லாம் தெரிஞ்சே வித்தவர் மேலயும், கூட நின்னு கமிஷன் வாங்கின நம்மூர்த் தரகர் மேலயும்தான். நம்ம பாஷை பேசறாரேன்னு நம்பினேன்.

2018-ல சட்டத்தைத் திருத்தின பிறகுதான் வழி பிறந்துச்சு. 2008-க்கு முன்னாடியே மேடாகி, டேட்டா பேங்க்ல, அதாவது நெல்வயல், தண்ணீர்த்தடம் பட்டியல்ல, சேராத இடம்னா அதை மாத்தறதுக்கு 6-ம் நம்பர் ஃபாரம். தப்பாச் சேர்த்திருந்தா, பட்டியல்ல இருந்து நீக்க முதல்ல 5-ம் நம்பர். அப்ப ரெண்டும் ஆர்.டி.ஓ.வுக்குப் போகணும். எனக்கு உத்தரவு கைக்கு வந்தது 2021-ல. அதுக்குள்ள என் பொண்ணு வாடகை வீட்டுலயே காலேஜை முடிச்சுட்டா.

அதனால அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி வில்லேஜ் ஆபீஸ்ல பி.டி.ஆர்.னு சொல்ற அடிப்படை வரிப் பதிவேட்டைப் பாருங்க, டேட்டா பேங்க்ல சர்வே நம்பரைத் தேடுங்க. என்னைக் கேட்டா, புதுசா வந்தவங்க பஞ்சாயத்து வீட்டு நம்பர் விழுந்த வீட்டையே வாங்கறது நல்லது. ஏப்ரல்ல கிணத்தை எட்டிப் பாருங்க, ஜூன் மழையில மேல் காங்கிரீட்டை அண்ணாந்து பாருங்க. நம்மாளுங்க ஆசையா மொட்டை மாடி வச்சுக் கட்டி, ரெண்டு இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை பார்த்ததும் மேல தகரம் போடறாங்க. வீட்டு விலையோட முத்திரைத்தாள் 8 சதவீதம், பதிவு 2 சதவீதம் சேர்த்து வச்சுக்குங்க.

அப்புறம், மலையாள எழுத்தைக் கத்துக்குங்க. இருபது வருசம் இங்க இருந்தும், காட்டின இடத்துல கையெழுத்துப் போடறவங்க நம்மாளுங்கள்ல நிறைய. எனக்குக் கத்துக்கொடுத்தது பாலக்காடு ஒலவக்கோட்டுல எங்களைக் குடி வச்சிருந்த வீட்டுக்கார அம்மா. பெர்மிட் கிடைக்காம திண்ணையில வந்து உட்கார்ந்த அன்னைக்கு, ஆதாரத்தை வாங்கிப் படிச்சுட்டு "மோனே, இது பாடமாணல்லோ"ன்னாங்க. பாடம்னா வயலுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. மறுநாள்ல இருந்து சாயங்காலமானா பேப்பரை விரிச்சு எழுத்தெழுத்தாச் சொல்லிக் கொடுத்தாங்க. ஆர்.டி.ஓ.வுக்குக் கொடுத்த விளக்கத்தை நானே மலையாளத்துல எழுதினேன். அவங்க கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரெண்டு தடவை படிச்சாங்க. மலையாளத்துல நாலு 'ப' எழுத்து இருக்கு. ஒரே ஒரு இடத்துல மாத்தி எழுதியிருந்ததை மட்டும் திருத்திக் கொடுத்தாங்க.