கியோட்டோ ஜாஸ் மாஸிவ்: சகோதரர் இருவரின் இசை பற்றிய கேள்வி பதில்

சோல் இசையின் சாயலுள்ள ஜாஸான சோல் ஜாஸையும் எலக்ட்ரானிக் இசையையும் இணைத்த கியோட்டோ ஜாஸ் மாஸிவ் என்ற ஜப்பானிய இருவர் குழுவைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். இருவருமே வாத்தியக்காரர்கள் இல்லை என்றும் அதில் சொல்லியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து, இங்கே பதில் தருகிறேன்.

இவர்கள் யார்? பெயரிலுள்ள 'மாஸிவ்' எதைக் குறிக்கிறது?

ஷூயா ஒக்கினோ அண்ணன், யோஷிஹிரோ ஒக்கினோ தம்பி. இருவரும் கியோட்டோவில் வளர்ந்தவர்கள், இருவரும் டி.ஜே.க்கள். 'மாஸிவ்' என்றதும் பிரம்மாண்டம் என்று பொருள் கொள்ளத் தோன்றும். ஆனால் ஜமைக்கா மக்களின் பேச்சிலிருந்து பிரிட்டன் இசையரங்குகளுக்குப் பரவிய வழக்கில் அது ஓர் ஊரின் இசைக் கூட்டத்தை, 'நம்ம ஆட்கள்' என்பதைக் குறிக்கும். 1994இல் இந்தப் பெயரில் வந்த இசைத்தட்டும் வெவ்வேறு கலைஞர்களின் பாடல்களைக் கொண்ட தொகுப்பாகவே இருந்தது. கூட்டத்தின் பெயர் இருவரின் பெயராக நிலைத்தது அதற்குப் பிறகுதான்.

இருவருமே வாத்தியக்காரர்கள் இல்லை என்கிறீர்கள். பிறகு எப்படி இதை அவர்களுடைய இசை என்று சொல்வது?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். நான் முன்பு எழுதியதில் தெளிவில்லாமல் விட்டதும் இதுதான். டி.ஜே. என்பவர் பிறர் பதிவு செய்த தட்டுகளைச் சுழற்றுபவர் மட்டும்தான் என்று கொண்டால் இந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால், ஆண்டுக்கணக்கில் ஆடுகளத்தின் முன்னே நின்று, எந்தத் தட்டின் எந்த இடத்தில் கூட்டம் நிமிர்கிறது, எந்த பேஸ் (கீழ்ச்சுருதி) வரிக்குக் கால்கள் தாமாக நகர்கின்றன என்று கவனித்தவரின் காது, பயிற்சி பெற்ற ஒரு வாத்தியத்துக்கு நிகரானது என்பது என் எண்ணம். ஒக்கினோ சகோதரர்கள் அந்தக் காதை வைத்துக்கொண்டு, கீபோர்டு கலைஞர்கள், பாடகர்கள், ஒலிப்பதிவுப் பொறியாளர்கள் ஆகியோரிடம் தாங்கள் விரும்பும் ஒலியின் நிறத்தைக் கேட்டுப் பெறுகிறார்கள்.

ஃபெண்டர் ரோட்ஸ் என்ற மின் பியானோவை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டையை அழுத்தினால் சிறு சுத்தியல் ஒன்று மெல்லிய உலோகக் கம்பியைத் தட்டும். அந்த அதிர்வை ஒரு காந்தச் சுருள் மின்னோட்டமாக மாற்றும். மெதுவாக அழுத்தினால் மணியோசை போல ஒலிக்கும். ஓங்கி அழுத்தினால் சற்றே கரகரக்கும். எழுபதுகளின் சோல் ஜாஸ் தட்டுகளை அடையாளம் காட்டும் ஒலி அது. கணினித் தாளத்தின் மேல் அந்தக் கரகரப்பை எங்கே வைப்பது, எவ்வளவு நேரம் வைப்பது என்ற முடிவுகளில்தான் இந்தச் சகோதரர்களின் கையொப்பம் இருக்கிறது.

தொடக்கம் எப்படி?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டனில் ஜாஸையும் நடன இசையையும் கலந்து 'ஆசிட் ஜாஸ்' என்று பெயர் பெற்ற அலை ஜப்பானிலும் வலுவாக இருந்தது. டோக்கியோவில் யுனைட்டெட் ஃப்யூச்சர் ஆர்கனைசேஷன் என்ற மூவர் இருந்தார்கள். கியோட்டோவில் ஷினிச்சி ஓசாவா தொடங்கிய மொண்டோ குரோஸ்ஸோ இருந்தது. அந்த மொண்டோ குரோஸ்ஸோவின் மேலாளராக ஷூயா பணியாற்றினார். 1992இல் டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் 'தி ரூம்' என்ற சிறிய கிளப் தொடங்கியது. அதை நடத்தியவரும் அவரே. தம்பி ஒசாகாவில் எஸ்பெஷல் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கடையை நடத்தி, தட்டுகளோடு வாழ்ந்தார். அண்ணனுக்குக் கிளப், தம்பிக்குத் தட்டுகள் என்ற இந்தப் பிரிவினை அவர்களுடைய இசையிலும் கேட்கிறது என்பேன்.

தாளம் போட்டுக்கொண்டே கேட்டால் சில இடங்களில் கை தடுமாறுகிறது. குறை என் கையிலா?

இல்லை. ஹவுஸ் எனப்படும் எலக்ட்ரானிக் நடன இசையில், வழக்கமாக நான்கு எண்ணிக்கைக்கும் நான்கு கிக் அடிகள் (பெரிய டிரம்மின் கனத்த அடிகள்) ஒரே சீராக விழும். மேற்கு லண்டனில் உருவான 'புரோக்கன் பீட்' பாணியில் எண்ணிக்கை அதேதான். ஆனால் கிக் முதல் எண்ணிக்கையில் விழுந்த பிறகு, அடுத்ததற்குச் சற்று முன்போ பின்போ விழும். எடுப்பு தள்ளி வரும் ஒரு பாடலைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது புரியும். ஒக்கினோ சகோதரர்கள் இந்தப் பாணிக்கு நெருக்கமானவர்கள். கிக்கை நம்பாமல், ஹை-ஹாட் எனும் ஜோடி உலோகத் தாளத்தின் சீரான ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டு கை போட்டுப் பாருங்கள், சரியாக வந்துவிடும்.

ஜப்பானியரின் முதல் ஆல்பம் ஜெர்மனியிலிருந்து வந்தது ஏன்?

'ஸ்பிரிட் ஆஃப் தி சன்' 2002இல் மியூனிக் நகரின் காம்போஸ்ட் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. ஜாஸ் சாயலுள்ள நடன இசைக்கு அந்நாளில் அது முக்கியமான வீடு. 'எக்லிப்ஸ்' என்ற பாடல் அதற்கு முன்பே ஐரோப்பிய டி.ஜே.க்களின் பெட்டிகளுக்குள் போய்விட்டிருந்தது. தட்டுகள் முன்னே போக, ஆட்கள் பின்னே போனார்கள்.

அடுத்த ஆல்பத்துக்கு 19 ஆண்டுகள். இடையில் ஓய்ந்துவிட்டார்களா?

'மெசேஜ் ஃப்ரம் எ நியூ டான்' 2021இல் வந்தது என்பதால் அப்படித் தோன்றுகிறது. ஆல்பங்களை மட்டும் எண்ணி ஒருவரின் உழைப்பை அளப்பது பாடகர்களுக்குப் பொருந்தலாம், டி.ஜே.க்களுக்குப் பொருந்தாது. அந்த ஆண்டுகளில் பிறர் பாடல்களை மாற்றியமைத்து ரீமிக்ஸ்கள் செய்தார்கள், வெளிநாடுகளில் தட்டுகளைச் சுழற்றினார்கள், தி ரூம் கிளப்பும் நடந்துகொண்டிருந்தது. ஷூயா தனியாக 2006இல் 'யுனைட்டெட் லெஜண்ட்ஸ்', 2011இல் 'டெஸ்டினி' என இரு ஆல்பங்களையும் வெளியிட்டார். ஆனாலும், 19 ஆண்டுகள் என்பது ரசிகரின் பொறுமையைச் சோதிக்கும் காலம்தான். நானும் முணுமுணுத்தவர்களில் ஒருவன்.

கியோட்டோ ஜாஸ் செக்ஸ்டெட் என்பதும் இவர்கள்தானா?

அது ஷூயா தனியாகத் தொடங்கிய அறுவர் குழு. எலக்ட்ரானிக் கருவிகளை ஒதுக்கிவிட்டு வாத்தியங்களைக் கொண்டே ஜாஸ் வாசிப்பது. 2015இல் 'மிஷன்', 2017இல் 'யூனிட்டி', 2022இல் 'சக்ஸஷன்'. கடைசி ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்திருப்பவர் தக்கேயோ மொரியாமா. எழுபதுகளில் யோசுகே யமாஷிட்டாவின் மூவர் குழுவில் இடிபோல் முழங்கிய அதே மனிதர். இளையவர்களின் குழுவுக்கு நடுவே அந்த மூத்தவரின் டிரம்ஸ் எங்கும் அடங்கிப் போகவில்லை. சில இடங்களில் மற்றவர்கள்தான் அவரைத் துரத்துகிறார்கள்.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

'எக்லிப்ஸ்'. கைபேசியின் சிறு ஸ்பீக்கரில் வேண்டாம். அதில் பேஸ் முற்றிலும் காணாமல் போகும். பிறகு 2021 ஆல்பத்தில் வனெஸா ஃப்ரீமன் பாடியவற்றுக்குச் செல்லுங்கள். செக்ஸ்டெட்டை மூன்றாவதாக வைத்துக்கொள்ளலாம்.